வியாழக்கிழமை வருகிறவர்

அல்லிநகரம்,
புதன்கிழமை.

அன்புள்ள பிரவீன் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், மிக்ஸியைத் தவிர. மஸ்கட்டில் வெயில் எப்படி? போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள், அதனால்தான் மெயில். முழுதாகப் படியுங்கள்.

நேற்று தேவாரம் பக்கம் ஒரு கல்லூரிக்குத் தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினராகப் போனேன். அங்கே இன்டர்னல் எக்ஸாமினர், உங்கள் ஹாஸ்டல் சேக்காளி ஈஸ்வரபாண்டி. இளநீர், முறுக்கு என்று நல்ல கவனிப்பு. ஸ்பாட்டருக்குப் பத்துத் தட்டுகளில் காளான், பாசி, பெரணி என்று வைத்திருந்தார்கள். பார்த்துப் பெயர் எழுத வேண்டும். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, தேர்வுக்கு முன் தட்டுகளை இடம் மாற்றினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

விடைத்தாளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அங்கே வருடா வருடம் ஒரே வரிசை. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்கள். கண்ணெதிரே காளான், முப்பது பேரில் இருபத்தாறு பேர் பெரணி என்று எழுதியிருக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பாத்துப் போடுங்க மேடம், வியாழக்கிழமை ஒங்க காலேஜுக்கு நாந்தான் வாரேன் என்றார் ஈஸ்வரபாண்டி. எழுதியதற்குத்தான் மார்க் போட்டேன். ஸ்பாட்டரில் விட்டாலும் மற்ற செய்முறையில் பலர் தப்பித்தார்கள், மூன்று பேர் பெயில். அவரும் கையெழுத்துப் போட்டார். காலையில் கார் அனுப்பியவர்கள், சாயங்காலம் அனுப்பவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். திரும்பக் கூப்பிட்டாலும் தட்டை மாற்றத்தான் செய்வேன்.

நாளை எங்கள் கல்லூரியில் நம் பிரவீனுக்கும் அதே தேர்வு. வீட்டுக்கு வந்து, ஸ்பாட்டர் படித்தாயா என்று கேட்டேன். பத்துப் பெயரையும் வரிசையாக, மூச்சு விடாமல் ஒப்பித்தான். இங்கேயும் அதே கூத்துதான். மகன் எழுதுகிறான் என்று அந்தத் தேர்வு வேலையிலிருந்து ஒதுங்கியிருந்தேன், கவனிக்காமல் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. இன்று துறைத்தலைவரிடம் சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் லேபுக்கு வரவழைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் காட்டினேன். பிரவீனுக்கென்று தனியாக ஒன்றும் சொல்லவில்லை. பாசி அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் அம்மா, ஏலே, ஒன் சேக்காளிதான, ஒரு வார்த்த சொல்லு என்று போன் போடுவாக. சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஈஸ்வரபாண்டியைக் கூப்பிடவும் வேண்டாம். பிரவீன் தேறினால் அவனாகத் தேறட்டும். தவறினால் நவம்பரில் எழுதட்டும், நான் கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

நேற்று பெயிலான மூன்று பிள்ளைகளுக்காக எந்த அப்பாவும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த வீடுகளையும் சேர்த்து மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மெர்லின்