அம்மாவைத் தாண்டி வந்த இரும்பு

அக்கா,

இன்று டொக்டர் என் முழங்காலின் எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். எலும்பு தேய்ந்த இடத்தை அவர் பேனையால் தொட்டுத் தொட்டு விளக்க, என் கண் அந்தக் கறுப்பில் வேறொன்றைத் தேடியது. உழுந்தளவு வெள்ளைப் புள்ளி ஒன்றை. என் காலில் அது எப்படி இருக்கும்? உங்கள் படத்தில் பார்த்த நாளிலிருந்து எந்த எக்ஸ்ரேயைக் கண்டாலும் தேடுகிறேன்.

இங்கே கனடாவில் உங்களுக்குத் தலைச்சுற்று வந்து எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பியிருந்தார்கள். உங்கள் மகள் மிசிசாகாவில் வேலையில் நின்றதால் நான் துணைக்கு வந்தேன். உடம்புக்குள் உலோகம் ஏதும் உண்டா என்று அங்கே நின்ற பெண் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் செல் குண்டுத் துண்டு ஏதும் பட்டதோ என்று நான் உங்களைக் கேட்டேன். எங்கள் ஆட்களிடம் அப்படித்தான் கேட்டுப் பழக்கம். இல்லை என்றீர்கள். அதையே அவளிடம் சொன்னேன். வேறொரு போர் என் நினைவுக்கே வரவில்லை. மொஸ்கோவில் படிக்கப்போன எங்கள் ஊர்ப் பொறியியலாளரைக் கட்டிக்கொண்டு வந்து, மீன்காரனோடு எங்களைவிட நன்றாகச் சண்டைபிடித்த நீங்கள் ரஷ்யப் பெண் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

உள்ளே போகக் கதவும் திறந்தாயிற்று. நீங்கள் பயப்படக்கூடாதென்று, அந்த இயந்திரம் பெரிய காந்தம்தான் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தேன். குண்டூசிப் பெட்டிக்கு மேலே காந்தத்தைப் பிடித்தால் ஊசிகள் எழும்பி வருமே, அதுமாதிரி என்றேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். வலக்கண்ணுக்குக் கீழே விரலை வைத்தீர்கள். அந்தச் சிறு பள்ளத்தை நாங்கள் அம்மைத் தழும்பு என்றே நினைத்திருந்தோம்.

"அப்ப இதையும் இழுக்குமோ, ரீச்சர்?"

"எதை அக்கா?"

"சின்னனில பட்டது. ஸ்ராலின்கிராட்டில."

இரும்பு இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அந்தப் பெண் ஓடிவந்து கதவைச் சாத்தினாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கண்ணை ஒட்டிக்கொண்டு அது இருந்தது. உள்ளே போயிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார்கள்.

இரண்டாம் உலகப்போரின் அந்தச் சண்டையை நான் வருடக்கணக்காகப் படிப்பித்தவள். ஜேர்மன் படைக்கு ஒரு நிறச் சோக்கு, ரஷ்யப் படைக்கு இன்னொரு நிறம். வொல்கா ஆற்றை நோக்கி ஓர் அம்புக்குறி, அதைச் சுற்றி வளைக்க இரண்டு அம்புக்குறிகள். ஜேர்மனியர் தோற்ற காரணங்களை மாணவர் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். அந்த அம்புக்குறிகளுக்குக் கீழே நின்ற பிள்ளை, என் பாடசாலைக்கு அடுத்த ஒழுங்கையில்தான் குடியிருந்திருக்கிறாள்.

காத்திருந்த இடத்தில், அது எந்தப் பக்கத்துக் குண்டு என்று கேட்டேன். வரலாற்று ரீச்சர் வேறென்ன கேட்பாள்?

"ஐஞ்சு வயசில எனக்கென்ன தெரியும்? ஆத்தங்கரையில படகுக்கு நிண்டனாங்கள். அம்மா எனக்கு மேல விழுந்து படுத்தவ. அவவுக்குள்ளால வந்துதான் எனக்குப் பட்டது."

மொஸ்கோ டொக்டர்கள் எடுத்துவிடலாம் என்றபோதெல்லாம் நீங்கள் மறுத்தீர்களாம். அம்மாவை எந்தக் குழியில் தாட்டார்கள் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது என்றீர்கள்.

"அவவின்ர எண்டு எனக்கு வேற ஒண்டும் இல்லை, ரீச்சர்."

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், ஒப்பரேசன் செய்யச் சொல்லி உயிரை வாங்குவார்கள் என்றீர்கள். பிறகு ஏதோ நினைத்துச் சிரித்து, என் குண்டூசிக் கதைக்கு நூறு மாக்ஸ் தந்தீர்கள்.

கண் தப்பியது. போன மாசியில் உங்கள் இருதயம் நின்றுவிட்டது.

எல்லாம் எங்கள் முறையில்தான் நடந்தது. தேவாரம் பாடினார்கள். வாய்க்கரிசி போடும் வரிசையில் நானும் வந்தேன். ஒரு பிடி போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். வொல்காக் கரையில் ஒருவரும் அரிசி போடாமல் விட்ட ஒரு தாயும் அங்கே கிடந்தார். இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.

"அன்ரி, நீங்கள் போட்டிட்டியள்" என்று உங்கள் மகள், தடுமாறும் கிழவியைத் தாங்குவதுபோல், என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றேன்.

இரண்டாவது பிடி யாருக்கென்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, அக்கா. இனிச் சொல்லலாமோ என்று கேட்கத்தான் ஆள் இல்லை.