உங்கள் பெயரில் ‘ஆம்’ என்றேன், அக்கா

அன்புள்ள கலைவாணி அக்கா,

உங்களை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் கணவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தக் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்தவள் நான். உங்கள் மகள் தர்ஷி என்னைச் சித்தி என்கிறாள். வேறு எப்படி உங்களைக் கூப்பிடுவது? அக்கா என்றே இருக்கட்டும்.

போன மாதம் பெய்த மழையில் இவருடைய போன் நனைந்து செத்துப்போனது. புதுசு வாங்கினார். தர்ஷி தவழ்ந்தது, நடந்தது, நீங்கள் அவளோடு பேசுகிற வீடியோ, எல்லாமே இணையத்தில் உங்கள் கணக்கில்தானே இருக்கின்றன? பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டார். அது போதாதாம். உங்கள் நம்பருக்கு ஒரு இரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், அதையும் போடுங்கள் என்றது. உங்கள் சிம் எப்போதோ கட்டாகிவிட்டது.

டவுனில் போன் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். “அந்த நம்பரைத் திரும்ப எடுக்கணும்னா, அது யார் பேர்ல இருக்கோ அவங்களே வரணும் சார்” என்றாளாம் அங்கிருந்த பெண். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு போனில் உங்களைப் பார்ப்பார்கள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். “நீயும் வாயேன் மாலதி” என்பார். எப்படி வருவது? உங்களோடு எப்படிப் போட்டி போடுவது, அக்கா? உங்களுக்கு வயசு ஏறாது. கோபம் வராது. நீங்கள் வைத்த குழம்பில் உப்புக் கூடியது யாருக்கும் ஞாபகமில்லை.

ஆனால் இரண்டு ஞாயிறு போனதும் தர்ஷி என் மடியில் படுத்துக்கொண்டு, “அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு மறந்துபோச்சு சித்தி” என்றாள். அழவில்லை. சும்மா சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிய பெரிய திரை டெப் ஹேவாஹெட்டவில் உங்கள் தங்கை சுமதியிடம் இருப்பதாக இவர் முன்பு சொல்லியிருந்தார். அதில் உங்கள் கணக்கு திறந்தபடியே இருக்கலாமே? சுமதி எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ஆனாலும் பஸ் ஏறிப் போனேன்.

“அக்காவோட சாமான் எதையும் குடுக்க மாட்டேன்” என்றாள் வாசலிலேயே.

“குடுக்க வேணாம் சுமதி. சார்ஜ் மட்டும் போடுங்க. தர்ஷிக்காகத்தான்.”

போட்டாள். டெப் எரிந்தது. இவருக்குப் போன் எடுத்து, புதுப் போனில் பாஸ்வேர்டை மறுபடி போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டெப் திரையில் எழுத்து வந்தது: ‘கலைவாணி, உள்ளே வர முயல்வது நீங்கள்தானா?’

சுமதி பார்த்தாள். “நீங்களே அமத்துங்க. என்னால முடியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

‘ஆம், நான்தான்’ என்ற இடத்தில் விரலை வைத்தேன். இந்த உலகத்திலே நான் யாராக இருக்கக்கூடாது என்று இவ்வளவு காலமும் வீம்பாக இருந்தேனோ, அவராகவே ஆனேன். அங்கே கணக்கு திறந்ததும் போனில் இவர் அழுகிற சத்தம் கேட்டது. எனக்காக அவர் அப்படி அழுவாரா, அக்கா?

சுமதி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் முதல் தடவையாக நானும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் தர்ஷிக்குச் சோறு ஊட்டுகிறீர்கள். “ஆ காட்டுங்க, தங்கம்” என்கிறீர்கள். வீடியோவில் இவர் உங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததேயில்லை. நெஞ்சு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

தர்ஷி எல்லாப் படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுல நீங்க ஏன் ஒண்ணுலயும் இல்ல சித்தி?” என்றாள். இவர் எழுந்து எங்கள் இரண்டு பேரையும் படம் எடுத்தார். அதுவும் போய் உங்கள் கணக்கிலேயே விழுந்தது. என் படம்கூட உங்கள் பெயரில்தான், பார்த்தீர்களா?

இரகசிய எண் இனி என் போனுக்குத்தான் வரும். இவர்தான் மாற்றினார். அந்த நம்பரை நான் விடவே மாட்டேன். தர்ஷி எப்போது கேட்டாலும், எனக்கு எவ்வளவு எரிந்தாலும், அவளுக்கு உங்களைத் திறந்து காட்டுவேன். இது சத்தியம். பொறாமை போய்விடும் என்று மட்டும் சத்தியம் கேட்காதீர்கள்.

உங்களுக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்த தங்கச்சி,
மாலதி