ஏலம் போன ஒற்றை மாங்காய்

அக்கா,

பெங்களூரிலிருந்து மகள் காபித்தூள் அனுப்பியிருக்கிறாள். உறையைக் கத்தரித்ததும் சித்தூர் வீடு முழுக்க வாசனை. உறையின் மேல் ஒரு மலைநாட்டு விவசாயி சிரிக்கிறார். இதை வாங்கினால் அவருக்கு நியாயமான விலை போய்ச் சேருமாம். "கொஞ்சம் வெல கூடத்தான்மா. ஆனா யாரு வெளைய வெச்சதுன்னு தெரியுதில்ல?" என்றாள் போனில். நல்ல காரியம்தான். காபியை ஆறவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மாங்காய்க்கு இப்படி ஒரு முகம் யாரும் போடவில்லையே என்று அழுதேன்.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் அந்தப் பெங்களூரா ரக, கிளிமூக்கு மாந்தோப்பை, மாமா போன பிறகு, நீ ஒற்றை ஆளாகப் பார்த்தாய். மரத்தோடு சண்டை போடுகிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. காய்க்காத மரத்தைப் பார்த்து, "நல்லா துன்னுட்டு சும்மா நின்னுக்கினு இருக்கியா?" என்று அதட்டுவாய். அடுத்த வருஷம் அது காய்த்துவிட்டால் எனக்குப் போன் வரும்.

அந்தக் கடைசி அறுவடையில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் திருமலை வரிசை போல நின்றன. காவலாளி தினமும் "ரேப்பு ரண்டி" என்றான். நாளைக்கு வாங்க. நாளை வரை பொறுக்க மாங்காய்க்குத் தெரியுமா? வெயிலில் பழுத்து ஒழுகி ஈ மொய்த்தது. ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு வந்தாய்.

அந்த ஞாயிறுதான் நம் சபையில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் காணிக்கையாகப் படைப்பதை ஏலம் விடுவார்கள். வழக்கம்போல் காம்போடு ஒரு காயைப் படைத்தாய். ஏலத்தில் அதற்கு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். ஒரு மூட்டைக் காய்க்கும் கிடைக்காத விலை அந்த ஒற்றைக் காய்க்கு. கைதட்டல் ஓய்ந்ததும் நீ எழுந்தாய்.

"கர்த்தருக்கு வாங்குறீங்க, ஸ்தோத்திரம். தோப்புல இன்னும் நெறைய தொங்கிக்கினு இருக்குது. வூட்டுக்கு ஆளுக்கொரு கூடை வாங்கிக்கினு போங்களேன்."

"பெங்களூராவ யாரு வூட்ல துன்றாங்க சிஸ்டர்? அது ஜூஸுக்குத்தானே?" என்றார் ஒரு அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் பாட்டில் கொடுத்தார்கள். அந்த அண்ணனும் வாங்கிக் குடித்தார். நீ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இதுல இருக்கறது யார் தோப்புக் காயிடி?" என்று என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. அங்கே குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆவணி பிறப்பதற்குள் மரங்களை வெட்டக் கொடுத்துவிட்டாய். ரம்பச் சத்தம் காதில் விழக்கூடாதென்று என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். தேவைக்கு மேல் உரித்தாய்.

தை மாதம், மா பூக்கிற காலம். திருப்பதி ஆஸ்பத்திரியில் இருதயம் தளர்ந்து படுத்திருந்தாய். வெளியே தூறல் விழுந்தது. கண்ணைத் திறந்தாய்.

"மழையாடி?"

"ஆமாங்கா."

"ஐயோ, பூவு கொட்டிடுமே!" என்று எழப் பார்த்தாய்.

மரமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லேசான தூறல்தாங்கா, கொட்டாது" என்றேன். சரி என்பதுபோலப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ கண்ணைத் திறக்கவேயில்லை.

இப்போதும் தையில் வானம் கறுத்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறேன், பெய்துவிடக் கூடாதே என்று. எந்தப் பூவுக்காக என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன், அக்கா?