டைனோசர் வயிற்றுக்குள் அப்பாவுக்கு ஒரு வேலை

வரதராஜன்பேட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஆனி ரோஸுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் நலம், என் தொண்டை மட்டும் நலமில்லை. டப்ளினில் மழை விடுவதே இல்லை என்றாய், டூட்டிக்குப் போகும்போது தலையை மூடிக்கொண்டு போ. நான் வேலைக்குப் போவதாக அம்மா போனில் சொல்லியிருப்பாள், என்ன வேலை என்று சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு வெட்கம்.

அரியலூர் ரோட்டில் புதிதாக ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். வாசலில் பெரிய டைனோசர் பொம்மை, கால் மணிக்கு ஒரு தரம் உறுமும், அதற்காகவே ஒரு ஜெனரேட்டர் ஓடியது. மியூசியங்கள் கார்பனைக் குறைக்க வேண்டும், மரம் நட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும் அங்கே பொறுப்பிலிருக்கும் தமிழ்மாறன் சார் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தார், பகலில் விளக்கை அணைத்தார், கடைசியில் ஜெனரேட்டரையும் நிறுத்தினார். மிச்சமாகும் டீசல் காசில் மரக்கன்று நடுவதாக ஏற்பாடு. ஆனால் உறுமாத டைனோசரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்கள், பள்ளிக்கூட பஸ்கள் வருவது நின்றுவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமல் டிரில் நடத்தியவன் என்று யாரோ என்னைக் கைகாட்ட, சார் வீடு தேடி வந்து, "ஐயா, நீங்கதான் உறுமணும், வேற வழி தெரியலீங்க" என்றார். ரிட்டையர் ஆனதிலிருந்து என் குரலை யாரும் கேட்டு வந்ததில்லை, உடனே சரி என்றுவிட்டேன். அதன் வயிற்றுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு பானைத் தண்ணீர், வெளியே பார்க்கத் தொப்புள் இடத்தில் ஓர் ஓட்டை. மூன்று மாதத்தில் வேம்பும் புங்கனுமாக நூற்றிருபது கன்று நட்டாயிற்று.

போன வாரம் ஜெகதாம்பாள் என்று ஓர் அதிகாரி அம்மா சோதனைக்கு வந்தார். உறுமும்போது நான் விடுகிற மூச்சில் எவ்வளவு கார்பன் என்று தெரிய வேண்டுமாம், குழாயில் ஊதச் சொன்னார். ஒரு ஆளுக்கு இவ்வளவு மூச்சா என்று சந்தேகப்பட்டு ஏழு தடவை ஊத வைத்தார். பிறகு உறுமிக் காட்டச் சொன்னார், வெறும் காற்றுதான் வந்தது. "உறுமல் இல்லன்னா கூட்டம் எப்புடி வரும், பழையபடி ஜெனரேட்டரப் போடுங்க, கன்னு நடுறத நிறுத்துங்க" என்று சொல்லி எழுதவே ஆரம்பித்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா எனக்கு மிளகு ரசம் கொண்டுவந்தாள். தொண்டையைத் தொட்டு நான் காட்டிய சைகையைப் பார்த்ததும் என்னை வெளியே தள்ளிவிட்டு அவள் உள்ளே ஏறினாள். என்ன கத்துவது என்று தெரியாமல், "சோறு ஆறிப்போவுது, வரீங்களா இல்லியா" என்று ஒரே மூச்சில் கத்தினாள். டைனோசர் கழுத்து வழியாக வந்தபோது அதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதிகாரி அம்மா ஃபைலைப் போட்டுவிட்டு ஒரு புங்கன் கன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்தார், முழங்கால் உயரக் கன்று. அங்கிருந்தபடியே திட்டம் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது அம்மாதான் உறுமுகிறாள், அவள் மூச்சில் கார்பனும் பாதிதானாம். நான் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதா உன்னைக் கையில் வைத்துக் காப்பாளாக, நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காமல் தினமும் சாயங்காலம் போன் செய். குரலைக் காப்பாற்ற அம்மா வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டாள், எல்லாம் சைகைதான். முப்பத்திரண்டு வருஷமாக இந்த அமைதிக்கு ஏங்கியவன் நான், வந்த பிறகு பிடிக்கவில்லை. உன்னிடம் மட்டும் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மரிய செல்வம்