ஜன்னலோர மேல்கட்டில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, சித்தி, தொட்டியில் இருக்கிற மண்புழுக்கள் எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் "ம், நல்லாருக்கேம்மா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுவாய், அதனால் கேட்கவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லேப்டாப்பைப் பார்த்தபடி ரொட்டியைக் கடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுகிறாயா, அதை மட்டும் சொல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. நான் வாயைத் திறந்ததும் "அம்மா, நான் சொல்றதை முதல்ல கேளு" என்பாய், நானும் கேட்டுக்கொண்டே இருப்பேன், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். பின்பக்கம் என்னவோ அச்சடித்திருக்கிறதே என்று முழிக்காதே, பழைய பஸ் நேர அட்டவணை அது. ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளைத் தூக்கிப் போடக் கூடாது என்று இந்த வீட்டில் சட்டம் போட்டவள் நீதான்.

நீ போனில் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். "விடுதியை மூடிடலாம்மா. நான் ஏதோ ஆசைப்பட்டு ஆரம்பிச்சுட்டு இங்க படிக்க வந்துட்டேன், உங்க ரெண்டு பேர் தலையிலயும் கட்டிட்டேன். இப்ப இங்கேயே வேலையும் குடுக்கறாங்க. பக்கத்துத் தெரு ஓட்டல்காரர் வீட்டைக் கேக்கறாரு, குடுத்துடுங்க, நீங்க நிம்மதியா இருங்க" என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது எனக்குத் தெரியாதா. நான் பெற்ற குரல் அது. நீ எதைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தாய் என்பதும் தெரியும். நம் விடுதியைப் பற்றிப் போனில் ஒருத்தன் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள், இடமே நாறுகிறது என்று எழுதியிருக்கிறானே, அதைத்தான். அவன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நாறியது உண்மைதான், குடலைப் பிடுங்குகிற நாற்றம். ஆனால் அந்த நாற்றத்தின் முழுக் கதை உனக்குத் தெரியாது. பயந்துவிடுவாயே என்று நாங்கள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் கேள்.

அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. விடுதியில் ஊர் சுற்ற வந்த பிள்ளைகள் நிரம்பி ஒரு கட்டில்கூடக் காலியில்லை, எனக்கோ இருப்பது இரண்டு கை, அதனால் சித்தியைக் கூப்பிட்டேன். உன் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, துடைத்த இடத்தையே திரும்பத் துடைக்கிறவள். வந்த அன்றே அடுக்குக் கட்டில்களுக்கு அடியில் ஊர்ந்து போய்க் கூட்டினாள், மண்புழுத் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அலறினாள், குளியலறையில் நீ வைத்த மணல் கடிகாரத்தைப் பார்த்து "இந்த மணல் கொட்டி முடியறதுக்குள்ள குளிச்சுட்டு வெளிய வரணுமா, எனக்கு முதுகு தேய்க்கவே இது பத்தாதே" என்று சிரித்தாள். அதெல்லாம் சரி. குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாது, பின்பக்கம் நாணல் நட்ட ஜல்லித் தொட்டிக்குப் போய்ச் சுத்தமாகி அப்புறம் தோட்டத்துக்குப் போகும், ஜல்லிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் அழுக்கைத் தின்கின்றன, அதனால் நாம் கொடுக்கிற சோப்பைத் தவிர வேறு சோப்பு கூடாது என்று நீ என்னிடம் படித்துப் படித்துச் சொன்னதை நானும் அவளிடம் படித்துப் படித்துத்தான் சொன்னேன். மகராசி அதில் சோப்பை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். பினாயில் சோப்பு இல்லையே. நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, தன் வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த பினாயிலை எடுத்து, ஒரு குளியலறை பாக்கியில்லாமல் எல்லா ஓட்டையிலும் ஊற்றிவிட்டாள். அக்காவுக்கு ஒத்தாசை செய்கிறாளாம்.

கொஞ்ச நாளில் நாணல் பழுக்க ஆரம்பித்தது, அப்புறம் நாற்றம் கிளம்பியது. எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்று நான் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். சித்தி என்ன செய்தாள் தெரியுமா, நாற்றம் வருகிறதே என்று இன்னும் நாலு மூடி பினாயிலை ஊற்றினாள். கடைசியில் அப்பாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து, குனிய முடியாமல் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல யாரு மருந்து ஊத்தினது" என்று கேட்டார். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "நான் கிருமியைத்தானே மாமா கொன்னேன். அதுங்கதான் இங்க வேலை பாக்கறதுன்னு நான் கண்டேனா" என்று ஓவென்று அழுதாள். கோபமாக நின்றிருந்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கும், வலித்தால் திட்டுவார், திட்டிக்கொண்டே திரும்பவும் சிரித்தார். எனக்குத்தான் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்த நாற்றத்துக்கு நடுவில் வந்து மாட்டினவன்தான் அந்த ஒற்றை நட்சத்திரம் கொடுத்த பையன். பேர் மறந்துவிட்டது, நெட்டையன் என்றுதான் சொல்வோம், கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியில் தொங்கும். வந்தான், மூக்கைப் பொத்தினான், எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனில் எழுதிவிட்டான். அது தெரியாமல் அப்பா, "பாவம், கால் நீட்ட இடமில்லாம எப்படித் தூங்குவான்" என்று, அவன் கட்டில் முனையில் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு அதன்மேல் மெத்தென்று ஒரு போர்வையையும் மடித்து வைத்தார். மறுநாள் காலையில் நெட்டையன் எழுந்து வந்தபோது அப்பா மண்வெட்டியை வைத்துக்கொண்டு ஜல்லியோடு போராடிக்கொண்டிருந்தார். அவன் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு சைக்கிளில் ஊர் சுற்ற வந்திருந்த இரண்டு பெண்களும் இறங்கினார்கள், அப்புறம் வீட்டில் இருந்த அத்தனை பேரும். குளியல் தண்ணீரைத் தற்காலிகமாகச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டு, ஜல்லி முழுவதையும் வாளி வாளியாக வாரிக் கைமாற்றிக் கழுவிப் போட்டு, குளத்துச் சேறு கொண்டுவந்து கலந்து, பிழைத்திருந்த நாணலைப் பிரித்து நட்டோம். அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, லாரிக்குப் பின்னால் நின்று சொல்வது மாதிரி "வா, வா, ரைட்ல ஒடி, போதும் நிறுத்து" என்று கத்தினார். கிளம்பும்போது நெட்டையன் முகமெல்லாம் சிவந்து, "நான் எழுதினதை அழிச்சுடறேங்க" என்றான். அப்பா விடவில்லை. "எதுக்கு அழிக்கணும், நாத்தம் அடிச்சது நிஜம்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றுவிட்டார். அதனால்தான் அது இன்னும் இருக்கிறது, நீயும் பார்த்தாய். அவன் போன பிறகு அப்பா மாடிக்குப் போய் அவன் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சுருக்கம் இல்லாம விரிச்சுட்டுப் போயிருக்கான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். உன் சட்டம்தான், போகிறவர் அடுத்து வரப்போகிற முகம் தெரியாதவருக்காகப் படுக்கையை விரித்து வைத்துவிட்டுப் போக வேண்டும், விரிப்பு கசங்கிக் கிடந்தால் ஆள் இன்னும் போகவில்லை, அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தினமும் காலையில் அப்பா கட்டில் கட்டிலாகப் போய் இதைத்தான் பார்ப்பார்.

இப்போது பார்ப்பதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ பார்க்கச் சொன்னாய் என்று ஓட்டல்காரர் ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான், மரியாதையாகத்தான் பேசினார். ஜல்லித் தொட்டியை மூடி சிமென்ட் போட்டால் கார் நிறுத்தலாம், மாடியில் துணி காயப்போடும் இடத்தில் இரண்டு அறை எழுப்பலாம் என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டே அளந்தார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர்தான். முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்ட புதிதில் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், கூப்பிட்டால் வருவார், போட்டால் தின்பார், மற்ற நேரமெல்லாம் சுவர்தான். அந்த மனுஷனை எழுப்பி நடக்க வைத்தது நான் கொடுத்த மாத்திரையா, இல்லையடி. தோளில் மூட்டையோடு ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் போதும், பேர் கேட்பதற்கு முன்னால் மூட்டையை இறக்கி வைத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுப்பார். ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "நான் ரோட்டுல கிடந்த காலத்துல எனக்கு இப்படி ஒருத்தரும் குடுக்கலை" என்றார். நேற்று நாணலில் புதுக் குருத்து விட்டிருக்கிறது. அதைப் பார்த்து சித்தி சந்தோஷத்தில் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. உன் அப்பா எழுந்து வரவில்லை. "புள்ளை ஆரம்பிச்சது, புள்ளை முடிக்கறா. நம்ம கையில என்ன இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவருக்காக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதே, எனக்காகவும்தான் பேசுகிறேன். நான் எங்கே போனேன், எதைப் பார்த்தேன். இந்தச் சமையலறையில் நின்றபடியே எத்தனை ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். ஒருத்தி என் தோளில் சாய்ந்து அவள் அம்மாவை நினைத்து அழுதாள், அவள் பேசியது பாதி புரியவில்லை, ஆனாலும் புரிந்தது. உன் தலையைத் தடவ முடியாத கைக்கு ஏதாவது ஒரு தலை கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சித்தியும் ஊருக்குப் போவதாக இல்லை, வருகிறவர்களின் பைகளை மோந்து பார்த்து வெளி ஷாம்புவைப் பறிமுதல் செய்வதுதான் அவள் உத்தியோகம் இப்போது. முதலில் உனக்காகத்தான் நடத்தினோம், ஒத்துக்கொள்கிறேன், எப்போது வந்து எடுத்துக்கொள்வாள் என்று உன்னைத் திட்டிக்கொண்டேகூட நடத்தினேன். அது எப்போதோ மாறிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே கண்ணு, இது இப்போது உன் விடுதி இல்லை, எங்கள் விடுதி. எங்களுக்காக என்று நினைத்து இதை எங்களிடமிருந்து பிடுங்கிவிடாதே. ஓட்டல்காரர் உன் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார். இல்லை என்று சொல்லிவிடு. அப்பாவிடமும் நீயே சொல், நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பார். நாணல் எப்படியிருக்கிறது என்று கேள், அது போதும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்.

வேலையைச் சந்தோஷமாக ஒத்துக்கொள். எங்களைத் தவிக்க விட்டுவிட்டோமே என்று ராத்திரி தலையணையை நனைக்காதே, ஈரத் தலையணை உடம்புக்கு ஆகாது. எத்தனை வருஷமானாலும் அங்கே இருந்து, நினைத்ததைச் செய், நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல் இரு, உன் கை பட்ட இடமெல்லாம் துளிர்க்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். நீ கிளம்பின அன்று விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அரக்கப்பரக்க ஓடினாயே, மூன்றாவது அறையில் ஜன்னலோர மேல்கட்டிலில் உன் விரிப்பைச் சுருட்டிப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டாய். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் செய்த வேலை அது. துவைக்காமல் எத்தனை நாள் விடுவது, நாறிப்போகாதா, அதனால் நான் எடுத்துத் துவைத்து மாடியில் காயப்போடுவேன். உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய், நீ போட்டிருந்த மாதிரியே கசக்கிப் போட்டுவிட்டு வருவார். விடுதி நிரம்பி வழிந்தபோதும் அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டால், "ஆள் இன்னும் போகலை" என்பார்.

உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கிற,
அம்மா