ஸ்பீக்கரில் சொன்ன சரி

அகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜீவிதாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அப்பாவின் வேட்டியில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களைப் பிடுங்கினேன். இங்கே எல்லோரும் உடம்பால் நலம், புத்திக்கு நான் பொறுப்பில்லை. நீ அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா? முள் எப்படி வந்தது என்றால், நேற்று உனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆயக்குடி போனோம். அப்பா கார் ஓட்ட, சண்முகவள்ளி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போனில் மேப் பார்த்தாள். வழியில் சிக்னல் போய்ப் புள்ளி நின்றுவிட்டது. அத்தை அதைக் கவனிக்காமல், "நேராத்தேன் காட்டுது, நீ போ தம்பி" என்றபடியே இருந்தாள். கடைசியில் ஒரு கொய்யாத் தோப்புக்குள் போய் நின்றோம். தோப்புக்காரர் வந்து, "ஏனுங்க, காய் வாங்கறதுக்கு வண்டியோடயே உள்ள வந்துட்டீங்களா?" என்றார். அப்பா கௌரவம் குறையாமல், "ஆமா, ரெண்டு பெட்டி போடுங்க" என்றார். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிற சம்பந்தி வீட்டுக்குக் கொய்யாவோடு போய் இறங்கினோம்.

போன லீவில் உன் வேலையை எனக்கு விளக்கினாயே. விமானத்துக்குள் இருக்கும் கருவி ஒவ்வொரு அசைவையும் உணர்ந்து, கிளம்பிய இடத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே போகும், சின்னப் பிழைகள் சேர்ந்து வழி விலகும், செயற்கைக்கோள் அதைத் திருத்தும், எதை எப்போது எவ்வளவு நம்புவது என்று பார்ப்பதுதான் உன் வேலை என்றாய். நம் வீட்டில் இரண்டும் உண்டு. அத்தை மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பாள், தேவைப்படும்போது கிடைக்கமாட்டாள். அப்பா கிளம்பிய திசையிலேயே போவார். இரண்டையும் சேர்த்தால் தோப்புதான். இயற்பியல் படித்த நான் பின்சீட்டில் வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி, "வலது பக்கம் திரும்பணும்ங்க" என்றது யார் கணக்கிலும் சேரவில்லை.

இன்னொன்றும் சொன்னாய். வழி தப்பவைக்க யாராவது அனுப்பும் பொய் சிக்னல் உண்மையானதைவிடப் பலமாக வரும், உள்ளே இருக்கும் கருவி உணர்வதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று. புதன்கிழமை சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, ஸ்பீக்கரைப் போட்டு அத்தை உன் சம்மதம் கேட்டாள். நீ பளிச்சென்று, "சரி அத்தை, உங்க இஷ்டம்" என்றாய். குழம்பில் உப்புக் குறைந்தாலே அரைமணி நேரம் வாதாடுகிறவள், ஒரு கேள்வி கேட்காமல் வாழ்க்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். விமானத்துக்கு மட்டும்தான் இரண்டு சாட்சியா? பையன் நல்லவன்தான், ஆனால் நீ அவனோடு செத்த நேரம்கூடப் பேசியதில்லை. உன் அப்பா என்னைப் பார்க்க வந்தபோது நானும் இப்படித்தான் பளிச்சென்று சொன்னேன், அதனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

போனில் கேட்டால் அத்தை காதை நீட்டுவாள் என்றுதான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். மனதில் உள்ளதை எனக்கு மட்டும் எழுது. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. நீ நினைக்கிற இடத்தில் நீ போய் இறங்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாக இருக்கிறது. நாளைக் காலை நானே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, பெண் வந்து பையனோடு நேரில் பேசும்வரை பூ வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் இது இன்னும் தெரியாது.

உன் அம்மா,
சத்யபிரியா