உன் வீட்டுக்கு நான் தேர்ந்த பொயிலர்

மச்சான்,

நேற்றுக் காலை வெம்பிளியில் உன் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கிய பழைய பொயிலரைக் கழற்றினேன். அதன் அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது. எரிந்த வாயுவின் ஆவி குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது. லேசாகப் புளித்த மணம் வரும். இந்த வேலையிலேயே தலை நரைத்த எனக்கு அது புதிதல்ல. ஆனால் நேற்று இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த மணம் கையிலேயே நின்றது. நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஜெர்மனியில் அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாம். லண்டனுக்கு வந்ததும் ஒன்றாகத்தான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் தங்கிக்கொண்டு நீ மருந்தாளர் ஆகப் படித்தாய். நான் வீடுகளுக்குக் காஸ் பொயிலர் பூட்டுகிற வேலைக்கான பரீட்சையில் இரண்டு முறை தவறினேன். மூன்றாம் முறை நீதான் பக்கத்தில் இருந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினாய். நான் ஒரு கிழமையாக முட்டி மோதிய பக்கம் உனக்கு ஒரே வாசிப்பில் பிடிபட்டது. நான் பரீட்சையில் தேறியதும் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாய். நானும் குதித்தேன். ஆனால் உனக்கு அது எவ்வளவு சுலபமாக விளங்கியது என்பதுதான் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. தொடக்கம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பிறகு உனக்குச் சொந்தமாக மருந்துக்கடை வந்தது. அதற்குப் பிறகு வெம்பிளியில் வீடு. ஐந்து அறை, கூரைக்குக் கீழே புதிதாக அமைத்த இன்னொரு அறை, மூன்று குளியலறை. முதல்முறை பார்க்க வந்த அன்று என் மனைவி ஒவ்வொரு குளியலறையாகப் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும், பூஞ்சணம் பிடித்த எங்கள் குளியலறைச் சுவரை ஒரு பழந்துணியால் தேய்க்கத் தொடங்கினாள். அவள் தேய்த்துக்கொண்டிருந்த சத்தத்தை நான் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று உன்னை வெறுத்தேன் மச்சான். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை நீ கூப்பிட்டாய். "எந்தப் பொயிலர் எண்டு நீயே பார்த்துச் சொல்லு. நீ சொல்லுறதைத்தான் போடுவம்" என்றாய்.

வந்து எல்லாம் முறையாக அளந்தேன். சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களை எண்ணினேன். குழாயடியில் வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பிடித்தேன். தெருவிலிருந்து வந்த தண்ணீரில் நல்ல வேகம் இருந்தது. உன் வீட்டில் தண்ணீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கிற தாங்கி இல்லை. குழாயைத் திறக்கத் திறக்க அப்போதே சூடாக்க வேண்டும். அறைகளைச் சூடாக்குவதற்குச் சின்னப் பொயிலர் போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டுமென்றால்தான் பெரிய சக்தி வேண்டும். நாற்பது கிலோவாட்டுக்குக் கிட்ட ஒன்று, அதற்கு மீட்டரிலிருந்து அகலமான காஸ் குழாய். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் நான் சொன்னது வேறு. இருபத்துநாலு கிலோவாட் போதும் என்றேன். பெரியது போட்டால் காஸ் வீண், அகலக் குழாய் போட உன் புது மரத்தளத்தைக் கிளப்ப வேண்டிவரும் என்றேன். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. என் சின்ன வீட்டுச் சுவரிலும் அதே இருபத்துநாலுதான் தொங்குகிறது. அந்தப் பெரிய வீட்டுக்குள் ஏதாவது ஒன்றாவது என் வீட்டைப் போல இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ அதை அப்படியே ஏற்றுக்கொண்டாய். குடிபுகுந்த அன்று வந்தவர்களிடமெல்லாம் என்னைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய், "இவன்தான் எங்கடை எஞ்சினியர்" என்று காட்டினாய். கேலி செய்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ கேலி செய்யவில்லை.

குளிர் தொடங்கியதும் முறைப்பாடு வந்தது. மேல்மாடியில் ஒருவர் குளிக்கும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் மேலே தண்ணீர் ஆறிப்போகிறது என்று உன் மனைவி வதனி சொன்னாள். "லண்டன் தண்ணி அவ்வளவு குளிர் தங்கச்சி" என்றேன். வருடா வருடம் பொயிலரைச் சோதிக்க வந்து, அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அதே பதிலைச் சொன்னேன். அந்த முறைப்பாட்டைக் கேட்பதில் எனக்கு ஒரு சின்ன இன்பம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஒருமுறை உன் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய ஆளைக் கூட்டிவந்து பொயிலர் சிறிது என்று சொல்ல வைத்ததாக அறிந்தேன். நான் பார்த்துப் போட்டது பிழையாக இராது என்று சொல்லி நீ அவரை அனுப்பிவிட்டாயாம். அதைக் கேட்டு வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் பயந்துதான் போனேன். அந்தப் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டியவன் நீ. எல்லாம் தெரிந்தேதான் சும்மா இருக்கிறாயோ என்று சந்தேகப்பட்டேன். இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

போன மாசியில் கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். உன் செத்தவீட்டுக்கு வந்த சனம் மண்டபத்துக்குள் கொள்ளவில்லை. உன் கடைக்கு வருகிற சோமாலியக் கிழவி ஒருத்தி, வெள்ளைக்காரர்கள், ஈஸ்ட் ஹாமின் பழைய ஆட்கள் எல்லோரும் அழுதார்கள். வாசலில் நின்று நான் தலைகளை எண்ணினேன். எனக்கு இதில் கால்வாசியாவது வருமா என்று யோசித்தேன். உன் பெட்டிக்கு முன்னாலும் எனக்கு அதுதான் வந்தது.

போன கிழமை வதனி கூப்பிட்டாள். பொயிலர் உள்ளே ஒழுகி நின்றுவிட்டது. மகளும் மருமகனும் பிள்ளைகளோடு அவளுக்குத் துணையாக அந்த வீட்டுக்கே வரப்போகிறார்கள். "இந்த முறை கொஞ்சம் பெரிசாப் போடேலுமோ அண்ணை?" என்று கேட்டாள். ஒரு உதவி கேட்பது போலக் கேட்டாள்.

வந்து திரும்பவும் வாளி வைத்து அளந்தேன். அதே வேகம், அதே கணக்கு. நாற்பத்திரண்டு கிலோவாட் கண்டென்சிங் பொயிலர் ஒன்றைத் தேர்ந்தேன். நேற்று மரத்தளத்தில் நான்கு பலகைகளை மட்டும் கிளப்பி அகலக் குழாயை இழுத்தேன். அன்று உன்னை வெருட்டிய வேலை ஒரு பின்னேரத்துக்குள் முடிந்தது. இன்று புதியதைப் பூட்டினேன். ரேடியேட்டருக்குப் போகிற சூட்டைக் குறைத்து வைத்தேன், திரும்பி வருகிற தண்ணீர் ஆறியிருந்தால்தான் எரிந்த வாயுவின் ஆவியில் உள்ள சூட்டையும் பொயிலர் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் வதனிக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நின்றவன், நிறுத்த முடியாமல் மற்றதையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் சின்னதைப் போட்டேன், உங்கள் வீட்டைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை என்று.

வதனி கையிலிருந்த துவாயை மெல்ல மடித்தாள்.

"பதினொரு வருஷம் கேத்திலிலை தண்ணி சுட வைச்சு மேலை கொண்டுபோய் என்ரை பேரப்பிள்ளையளைக் குளிக்க வார்த்தனான்" என்றாள்.

நான் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கினேன்.

"அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தா அவர் சிரிச்சிருப்பார் அண்ணை. எனக்குச் சிரிப்பு வரேல்லை."

அவள் மேலே போய் ஒரு குளியலறையில் தண்ணீரைத் திறந்தாள், பிறகு அடுத்ததில், பிறகு கூரை அறைக் குளியலறையில். மூன்றும் ஒன்றாக ஓடுகிற சத்தம் குழாய்களுக்குள் கேட்டது. நான் வேலை ஆயுதப் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் கீழே வரவில்லை. இனி அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடுவாளோ தெரியாது.

ஸ்ட்ரெதம் வரைக்கும் அவள் சொன்ன ஒரு வசனத்தோடுதான் வண்டி ஓட்டி வந்தேன். நீ சிரித்திருப்பாயாம். செத்துப்போன ஒரு மனுசனைப் பற்றி, அவனுக்குச் செய்த துரோகத்தைக் கேட்ட அந்த நிமிடத்திலேயே, அவன் மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் அப்படிச் சொல்கிறாள். உன் வீடு, உன் கடை, உன் மண்டபம் நிறைந்த சனம் எல்லாவற்றின் மேலும் இருந்த எரிச்சல் வழியிலேயே எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அப்படிச் சிரிக்கக்கூடிய மனம் உனக்கு இருந்தது என்ற பொறாமை மட்டும் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒருவன் இப்படி ஏமாற்றியிருந்தால் நான் சிரித்திருப்பேனா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், மச்சான். பிறகு ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.